வரிசையில் இல்லாத நெல்

பாப்பா,

இந்தப் பெயரில் உன்னை இன்னும் கூப்பிடலாமா என்று தெரியவில்லை. நீ இதைப் படிக்கிறபோது இப்போது எனக்கு இருக்கிற வயது உனக்கு வந்திருக்கும். வேலைக்குப் போயிருப்பாய், யாரோ ஒரு மேனேஜருடன் சண்டை போட்டிருப்பாய், பாப்பா என்று கூப்பிட்டால் எரிந்து விழுவாய். இன்றைக்கு நீ எல்.கே.ஜி. பக்கத்து அறையில் வாயைத் திறந்துகொண்டு மத்தியானத் தூக்கம் தூங்குகிறாய். அடுத்த வாரம் நான் ஜெர்மனிக்குப் போகிறேன். உன்னையும் உன் அம்மாவையும் கும்பகோணத்தில் விட்டுவிட்டுப் போகிறேன். ரெண்டு வருஷத்தில் வந்துவிடுவார் என்று வீட்டில் எல்லோரும் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நான் சொல்லவில்லை. அப்படிப் போனவர்கள் யாரும் சொன்ன கெடுவில் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. அப்பா ஏன் போனார் என்று ஒரு வயதில் நீ கேட்பாய். உன் அம்மா என்னைக் காப்பாற்றுகிற மாதிரி ஏதாவது சொல்வாள். உன் தாத்தா ஒன்றுமே சொல்ல மாட்டார். அதனால் நானே எழுதிவைக்கிறேன். எனக்கு நீட்டி முழக்க வராது, பொறுமையும் கிடையாது. ஆனாலும் இது நீளமாகத்தான் வரும். சுருக்கினால் பொய்யாகிவிடும்.

முதலில் என் வேலை. நான் படித்தது மெக்கானிக்கல். சென்னையில் ரயிலுக்கு பிரேக் செய்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். பிரேக் செய்யச் சொல்வார்கள் என்று போனால், பிரேக்கைப் பற்றி எழுதச் சொன்னார்கள். அதற்கென்று சிஸ்எம்எல் என்று ஒரு மொழி இருக்கிறது. வாயால் பேசுகிற மொழி கிடையாது, பெட்டிகளாலும் கோடுகளாலும் எழுதுகிற மொழி. ஒரு இயந்திரத்தைப் பத்துப் பேர் சேர்ந்து செய்தால் பத்துத் தலையிலும் பத்து இயந்திரம் இருக்கும். மின்சாரக்காரன் ஒன்றை நினைப்பான், இரும்புக்காரன் வேறொன்றை நினைப்பான், ஒருவன் மெயிலில் எழுதுவான், இன்னொருவன் டீக்கடையில் சொல்லிவிட்டு எழுதிவிட்டதாக நினைத்துக்கொள்வான். கடைசியில் பூட்டும்போது போல்ட் ஒரு பக்கம், ஓட்டை ஒரு பக்கம். அந்தக் கூத்தை நிறுத்தத்தான் இந்த மொழி. இயந்திரம் என்னென்ன செய்தாக வேண்டும் என்பதைத் தேவைகளாக எழுதுவோம். அதை எந்த உறுப்பு செய்கிறதோ அதைப் பெட்டியாகப் போடுவோம். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் போவது சூடா, மின்சாரமா, தானியமா என்பதைக் கோடாக இழுப்போம். ஒவ்வொரு தேவையிலிருந்தும் அதை நிறைவேற்றுகிற உறுப்புக்கு ஒரு கோடு இருக்க வேண்டும், நிறைவேறியதா என்று பார்க்கிற சோதனைக்கு ஒரு கோடு இருக்க வேண்டும். ஒரு தேவையிலிருந்து கோடே கிளம்பவில்லை என்றால் அதை யாரும் கவனிக்கவில்லை என்று அர்த்தம். எனக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. யாராவது வளவளவென்று பேசினால் எனக்குக் காது எரியும். இந்த மொழியில் வளவள கிடையாது.

நீ பிறந்த பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். நெல் உலர்த்துகிற இயந்திரம் ஒன்று செய்ய வேண்டும் என்பது திட்டம். நீ கும்பகோணத்தில் வளர்கிறவள், உனக்கு வயல் எவ்வளவு தெரிந்திருக்கும் என்று தெரியாது, அதனால் சொல்கிறேன். இங்கே குறுவை நெல்லை அறுக்கிற நேரமும் ஐப்பசி மழை பிடிக்கிற நேரமும் ஒன்றுதான். அறுத்த நெல்லை ஊரில் இருக்கிற அரசுக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோய், எதிரே இருக்கிற களத்தில் கொட்டிக் காத்திருக்க வேண்டும். முறை வரும்போது ஈரப்பதம் பார்ப்பார்கள். கூடுதலாக இருந்தால் எடுக்க மாட்டார்கள். வெயில் அடித்தால் காயவைத்துவிடலாம், ஐப்பசியில் வெயிலுக்கு எங்கே போவது? உன் தாத்தா தார்ப்பாயை விலக்குவார், கிளறுவார், மூடுவார், வானத்தைத் திட்டுவார். நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற காட்சி. டிராக்டரில் இழுத்துவரக்கூடிய, உமியில் எரிகிற, களத்துக்கே வந்து நிற்கிற ஒரு உலர்த்தி இருந்தால் போதும் என்று நினைத்தேன். நினைப்பில் தப்பு இல்லை. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கூட்டாளி பிரபு மாமா. என்னுடன் படித்தவன், திருவிடைமருதூர் போகிற வழியில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். இரும்பைப் பார்த்தவுடன் வெட்டிவிட வேண்டும் அவனுக்கு. நான் ஒரு மாதம் இரும்பைத் தொடவிடவில்லை. லேப்டாப்பில் பெட்டிகளும் கோடுகளுமாக வரைந்துகொண்டிருந்தேன். அவன் டீ கிளாஸோடு வந்து எட்டிப் பார்த்தான்.

"என்னடா இது, கோலமா?"

"சிஸ்டம் மாடல்."

"நெல்லு இதைப் பாத்துக் காஞ்சிடுமா?"

"பூட்டினதைத் திரும்பக் கழட்டாம இருக்கணும்ல, அதுக்குத்தான்."

"சரி சரி. மார்கழிக்கு ஒரு பிரிண்ட் குடு. எங்க வீட்டு வாசல்ல போட்டுக்கிறேன்."

அவன் சிரித்தான், எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்தக் கோலம்தான் எங்களைக் காப்பாற்றியது. இயந்திரம் நிரம்புகிற நிலையிலிருந்து உலர்த்துகிற நிலைக்கு மாறும்போது, நெல்லைத் தூக்குகிற மோட்டாரும் காற்று ஊதுகிற மோட்டாரும் ஒரே நேரத்தில் ஒரே ஜெனரேட்டரை இழுக்கும் என்பது கோட்டிலேயே தெரிந்தது. வாங்க இருந்த ஜெனரேட்டர் அதைத் தாங்காது. ஒன்று ஓடி நிதானமான பிறகு மற்றது ஓடுகிற மாதிரி மாற்றினோம். பிரபு அதற்குப் பிறகு என்னைக் கோலக்காரன் என்று கூப்பிட ஆரம்பித்தான், கொஞ்சம் மரியாதையோடு. அந்த மொழியில் கோளாறு எதுவும் இல்லை, பாப்பா. இதை நீ மனதில் வைத்துக்கொள். உன்னிடம் யாராவது, உங்க அப்பா படம் வரைஞ்சே வீணாப் போனாரு என்று சொன்னால் நம்பாதே.

உன் அம்மா டீச்சர். எதையும் கெடு வைத்துத்தான் பேசுவாள். அவள் சம்பளத்தில் மூன்று பேர் ஓடிக்கொண்டிருந்தோம். ஜெர்மனியில் ஒரு பிரேக் கம்பெனி, இதே மொழியில் எழுத ஆள் கேட்டு, எனக்காக இடத்தைப் பிடித்து வைத்திருந்தது. அவள் ஒருநாள் காலையில் உனக்குச் சடை பின்னிக்கொண்டே சொன்னாள்.

"இந்தக் குறுவை வரைக்கும்தாங்க. ஒரே ஒரு களத்துலயாவது நாலு பேரு அவங்களா வந்து உங்க மெஷின்ல நெல்லைக் கொட்டணும். அப்படி நடந்தா நான் வாயே திறக்க மாட்டேன், இங்கயே இருப்போம். நடக்கலேன்னா அந்த வேலைக்குச் சரின்னு எழுதிடுங்க."

"நடக்கும்."

"நடந்தா எனக்குச் சந்தோஷம்தான். உங்களை ஃபிளைட் ஏத்திவிட எனக்கென்ன ஆசையா?"

ஆக, பந்தயம் இதுதான். இயந்திரம் களத்தில் ஓடினால் நான் உன்னோடு இருப்பேன். ஓடாவிட்டால் போவேன். உன் தாத்தாவுக்கும் இது தெரியும். அவர் அன்றைக்கு ஊரிலிருந்து வந்து, பக்கத்தில்தான் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

இப்போது நடந்ததற்கு வருகிறேன். இந்த மொழியில் எதை எழுதத் தொடங்கினாலும் முதலில் ஒரு எல்லைக்கோடு போட வேண்டும். நாம் செய்யப்போகிறது உள்ளே, மற்ற உலகம் வெளியே. வெளியே நின்று இயந்திரத்தோடு புழங்குகிற மனிதர்களுக்குக் குச்சி குச்சியாக ஒரு உருவம் உண்டு. என் படத்தில் கோட்டுக்கு வெளியே இடது பக்கம் ஒரு குச்சி மனிதன் நின்றான். அடியில் 'விவசாயி' என்று எழுதியிருந்தேன். அவனிடமிருந்து ஒரு கோடு: ஈர நெல் தருவார். அவனுக்கு ஒரு கோடு: உலர்ந்த நெல் பெறுவார். உள்ளே அடுப்பு, விசிறி, டிரம், ஈரம் பார்க்கிற சென்சார் என்று அத்தனை பெட்டிகள், அத்தனை தேவைகள். அரிசி அரைக்கும்போது நொறுங்கிக் குருணையாகிவிடக் கூடாது என்பதற்காகச் சூட்டுக்கு ஒரு வரம்பு. தார்ப்பாய் போட்டு மூடுவதற்கு முன் நெல் ஆறியிருக்க வேண்டும் என்றுகூட ஒரு தேவை எழுதியிருந்தேன். குச்சி மனிதனுக்கு மட்டும் இரண்டே கோடு. பட்டறையில் வைத்து எல்லாச் சோதனையும் பார்த்தோம். எல்லாம் பச்சை, அதாவது எல்லாம் தேறியது. அடுப்பு பற்றவைக்காத ஒரு நாளில் நீ அந்த டிரம்முக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு, இது என் வீடு, வர மாட்டேன் என்று அழுது ரகளை பண்ணினாய். பிரபு உனக்கு ஒரு முறுக்கைக் காட்டி வெளியே இறக்கினான்.

அறுவடை தொடங்கி, எங்கள் ஊர்க் களத்தில் குவியல் குவியலாக நெல் சேர்ந்தது. மழையும் சேர்ந்துகொண்டது. இயந்திரத்தை டிராக்டரில் இழுத்துவந்து பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் தார் ரோட்டில் நிறுத்தினோம். களத்திலிருந்து கூப்பிடு தூரம். முதல் தடவை இலவசம் என்று சொன்னோம். எல்லோரும் வந்து பார்த்தார்கள், தட்டிப் பார்த்தார்கள், உமி எவ்வளவு பிடிக்கும் என்று கேட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். ஒருவர்கூட நெல் கொண்டுவரவில்லை.

"ஜோரா இருக்கு தம்பி" என்றார் ஒருவர்.

"உங்க நெல்லு ஈரமாத்தானே கெடக்கு? கொண்டாங்க. ஒரு காசு வேணாம்."

"கொண்டாரலாம். நான் அள்ளிக்கிட்டு வந்தா என் எடம்?"

இதுதான் விஷயம். கையில் டோக்கன் இருக்கும், அதில் நம்பரும் இருக்கும். ஆனால் எடை போடுகிறவர்கள் தராசை நகர்த்திக்கொண்டு குவியல் குவியலாகத்தான் வருவார்கள். உன் குவியல் எங்கே இருக்கிறதோ அதுதான் உன் முறை. களத்தில் வரிசை என்று தனியாக ஒன்று கிடையாது, நெல்தான் வரிசை. நெல்லை அள்ளினால் அந்த இடத்தில் பக்கத்துக் குவியல் சரிந்து உட்காரும். திரும்பி வந்தால் கடைசிக்குத்தான் போக வேண்டும். அதனால்தான் ஈர நெல்லுக்குப் பக்கத்திலேயே ஆட்கள் படுத்துக் கிடக்கிறார்கள். இது எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடம் விட்டதும் பையோடு நேராகக் களத்துக்குப் போய்க் குவியல் ஓரத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவன் நான். உன் தாத்தா சாப்பிடப் போகும்போது அந்த இடத்தைக் காத்தவனே நான்தான். யாராவது வெளியூர்க்காரன் இந்த மாடலை எழுதியிருந்தால் நாலு பேரிடம் விசாரித்திருப்பான், அதில் ஒருவர் இதைச் சொல்லியிருப்பார், அவன் எழுதிக்கொண்டிருப்பான். எனக்கு யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை. எங்கள் ஊர், எங்கள் களம், எங்கள் அப்பா, இதில் கேட்க என்ன இருக்கிறது?

சரி, நெல் வராது, இயந்திரம் போகட்டும் என்று களத்துக்குள் இறக்கினோம். வாசலிலேயே சேற்றில் சக்கரம் புதைந்துவிட்டது. டிராக்டர் உறுமுகிறது, சேறு முகத்தில் அடிக்கிறது, ஊரே நின்று வேடிக்கை பார்க்கிறது. பிரபு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உன் கோலத்துல சேறு எங்கடா வரைஞ்சிருக்கே, காட்டு" என்றான். அதோடு விடவில்லை. ஆண்கள் கோலம் போட்டால் இப்படித்தான் ஆகும் என்றான். அன்று முழுக்க அவனோடு நான் பேசவில்லை. இழுத்துத் திரும்ப ரோட்டில் கொண்டுபோய் நிறுத்தினோம்.

மறுநாள் காலையில் உன் தாத்தா சொன்னார், "நம்மளோடதை எடுத்துட்டுப் போய்ப் போடு."

அவர் குவியல் மேட்டில் இருந்தது, வரிசையில் முன்னால் இருந்தது. அந்த இடத்துக்காக நெல் அறுத்த அன்றே ஓடிவந்து கொட்டியவர் அவர். ஒரு வாரமாக அங்கேயே கிடந்தவர்.

"எடம் போயிடும்பா."

"போவாது. தார்ப்பாயை விரிச்சு வச்சிட்டு வரேன். எல்லாம் நம்மாளுங்கதான்."

நான் அதற்கு மேல் தடுக்கவில்லை. ஒருத்தர் போட்டுக் காட்டினால் நாலு பேர் வருவார்கள் என்று எனக்குள் ஒரு கணக்கு. அவர் காலி இடத்தில் தார்ப்பாயை விரித்தார், நாலு மூலைக்கும் செங்கல் வைத்தார், நடுவில் தன் தோள் துண்டை எடுத்துப் போட்டார். பக்கத்துக் குவியல் பையன், "துண்டு போட்டு எடம் பிடிக்க இது மாயவரம் பஸ்ஸா பெரியப்பா?" என்றான். களமே சிரித்தது. அவரும் சிரித்தார்.

இயந்திரம் ஓடியது. எப்படி ஓட வேண்டும் என்று எழுதியிருந்தேனோ அப்படியே ஓடியது. நிரம்பியது, ஒரு மோட்டார் நிதானித்த பிறகு அடுத்த மோட்டார் எடுத்தது, உமி சீராக எரிந்தது, டிரம் சுற்றியது, ஈரம் இறங்கிக்கொண்டே வந்தது. கருவி வைத்துப் பார்த்தேன், வரம்புக்குள் இருந்தது. உன் தாத்தா ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்து "ம்" என்றார். என் பத்தாம் வகுப்பு மார்க்குக்குக்கூட அவர் "ம்" சொன்னதில்லை. அதுவரைக்கும் எழுதிய தேவைகளில் நிறைவேறாதது ஒன்றுகூட இல்லை. பிரபு என் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டான். அப்போதுதான் மழை பிடித்தது. தூறலாக வரவில்லை, கொட்டியது.

சூடான நெல்லை டிரெய்லரில் கொட்டி மூடிக்கொண்டு களத்துக்கு வந்தால், எங்கள் இடத்தில் கலியமூர்த்தி சித்தப்பாவின் நெல் கிடந்தது. அவர் குவியல் எங்களுக்கு அடுத்தாற்போல் பள்ளத்தில் இருந்தது. அவரும் அவர் மகனும் நனைந்துகொண்டே கடைசிக் கூடையைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன கலியமூர்த்தி இது?" என்றார் உன் தாத்தா.

"அண்ணே, அடியிலேர்ந்து தண்ணி ஊறுது. நெல்லு மெதக்குது. எதிர்ல மேடு சும்மா கெடக்கு. நான் என்னண்ணே பண்றது?"

"துண்டு போட்டிருந்தேனே."

"துண்டு பத்திரமா வச்சிருக்கேண்ணே." தன் தோளிலிருந்து எடுத்து, பிழிந்து, நீட்டினார்.

நான் கத்தினேன். "சித்தப்பா, இது எங்க எடம். அள்ளுங்க முதல்ல."

"எடம்னு என்னப்பா இருக்கு? நெல்லு இருந்தாத்தான் எடம். நீதான நெல்லை எடுத்துட்டுப் போனே?"

கை ஓங்குகிற அளவுக்குப் போனேன். உன் தாத்தா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "விடுடா. அவன் நெல்லு மட்டும் நெல்லு இல்லையா?"

வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம் என்று சொன்னேன். நல்ல நெல், காய்ந்த நெல், மூட்டையில் கட்டி வைத்தால் எத்தனை நாளானாலும் இருக்கும். அவர் அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. "வீட்ல வச்சு என்ன பண்ண, எல்லாத்தையும் பொங்கித் திங்கவா? வரிசையில இல்லாத நெல்லு நெல்லே இல்லடா. கடைசியில ஒரு எடம் பிடிச்சுப் போடு." கடைசி இடம் வாய்க்கால் ஓரம். அங்கே கொட்டினோம். ஆற வைக்க வழியில்லை, மேலே மழை. சூட்டோடு தார்ப்பாய் போட்டு மூடினோம். உள்ளே வேர்த்தது, கீழே வாய்க்கால் பொங்கியது. எங்கள் முறை வருவதற்குள் அது முளைத்துவிட்டது. தார்ப்பாயை விலக்கினால் பச்சை. எடை போட வந்தவர் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, "பெரியவரே, இதை நான் என்னன்னு எழுதுறது?" என்று கேட்டார். அவர் குரலில் திமிர் இல்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். எங்கள் மேட்டில் கிடந்த கலியமூர்த்தி சித்தப்பாவின் ஈர நெல்லுக்கு இடையில் ஒருநாள் வெயில் கிடைத்து, எப்படியோ தேறி, போய்விட்டது. ஊரிலேயே பதமாகக் காய்ந்திருந்த நெல்லைக் கடைசியில் வாத்து மேய்க்கிறவர் வந்து வாங்கிக்கொண்டு போனார்.

அதன் பிறகு எங்கள் இயந்திரத்தை யாரும் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதில் போட்டவன் கதி என்ன ஆச்சு, பாத்தியா என்று சொல்ல ஊரில் ஒரு உதாரணம் கிடைத்துவிட்டது. பிரபு அதைப் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டான். "கும்பகோணத்துல ஒரு கடைக்காரர் கேட்டிருக்காருடா. வேர்க்கடலை வறுக்க ஆகுமான்னு" என்று போனில் சொன்னான். ஆகும் என்றேன். சூட்டு வரம்பை மட்டும் ஏற்ற வேண்டும்.

ஜெர்மனிக்குச் சரி என்று எழுதுவதற்கு முன் உன் அம்மாவிடம், அப்பா ஒருத்தராவது என் மெஷினை நம்பினார் என்று சொன்னேன். ஆறுதலுக்குத்தான் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"மெஷினை நம்பியா குடுத்தாரு?" என்றாள்.

"பின்ன?"

"அவருக்கு அந்த மெஷினைப் பத்தி என்ன தெரியும்? ஒருத்தர் நெல்லு போட்டா நாலு பேரு வருவாங்க, நீங்க போக மாட்டீங்கன்னு போட்டாரு. நான் அன்னிக்குச் சொன்னதை அவரும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தாரு?" ஒரு துணியை மடித்து வைத்துவிட்டு, "நான் நாலு பேருன்னு சொல்லியிருக்கக் கூடாது. ஒருத்தர்னு சொல்லியிருக்கணும்" என்றாள். அதற்கப்புறம் உன் கவுனை மடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நான் லேப்டாப்பைத் திறந்து அந்தக் குச்சி மனிதனைப் பார்த்தேன். ஈர நெல் தருவார், உலர்ந்த நெல் பெறுவார். அவர் தந்தது மேட்டிலிருந்த இடம். எதற்காகத் தந்தார் என்பது எந்தத் தேவையிலும் இல்லை. எழுதியிருந்தால் மட்டும் அதை எந்தப் பெட்டியோடு கோடு போட்டு இணைத்திருப்பேன்? விசிறியோடா?

ஒரு தகப்பன் எழுதுகிற கடிதத்தில் அறிவுரை இருக்க வேண்டும். நேர்மையாகச் சொன்னால் என்னிடம் ஒன்று இருக்கிறது, அது உதவாது. எதைச் செய்யப்போனாலும் கோட்டுக்கு வெளியே எதை விட்டாய் என்று பார். நன்றாகத் தெரிந்த இடத்தில் இன்னும் கூடுதலாகப் பார். நமக்குப் பழகினது எதுவும் கண்ணில் படாது. இதைச் சொல்லிவிட்டு நான் நிறுத்திக்கொண்டால் நல்ல கடிதமாக இருக்கும். ஆனால் நான் அதையும் செய்து பார்த்தேன். அந்த மாடலில் எல்லைக்கோட்டை நகர்த்தி களத்தை உள்ளே கொண்டுவந்தேன். களம் வந்தால் வரிசை வர வேண்டும், வரிசை வந்தால் சாக்கும் லாரியும் வர வேண்டும், லாரி வந்தால் அது போய் இறக்குகிற குடோன் வர வேண்டும், குடோனில் இடம் இல்லாவிட்டால் லாரி நிற்கும், மழை வர வேண்டும், கலியமூர்த்தி சித்தப்பாவின் பள்ளம் வர வேண்டும், அந்தப் பள்ளத்தில் அவர் கொட்ட நேர்ந்ததற்கு அவருக்கு அறுவடை இயந்திரம் தாமதமாகக் கிடைத்தது காரணம், அதுவும் வர வேண்டும். கோடு நகர்ந்துகொண்டே போனது. ஒரு கட்டத்தில் லேப்டாப் படத்தைத் திறக்கவே திணறியது. எங்கேயாவது கோடு போட்டுத்தான் ஆக வேண்டும், போட்டால் யாராவது வெளியே நிற்பார்கள். இதற்குத் தீர்வு எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எனக்கு எழுது. நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை.

இந்தத் தடவை கோடு போட்டதில் வெளியே நிற்பது நீ. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அங்கே போய் இதே வேலையைத்தான் செய்யப்போகிறேன், இதே பெட்டிகள், இதே குச்சி மனிதர்கள். நன்றாகவே செய்வேன். ரயில் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும். போனில் உன்னைப் பார்ப்பேன். முதலில் பேசுவாய், பிறகு அம்மா கூப்பிட்டால் வருவாய், பிறகு ஹோம்வொர்க் இருக்கிறது என்பாய். நான் பார்த்திருக்கிறேன், எங்கள் தெருவில் இப்படி எத்தனையோ வீடுகள். நீ என்மேல் கோபப்பட்டால் அது நியாயம். கோபமே வராமல் போனால்தான் எனக்கு என்ன செய்வது என்று தெரியாது.

நேற்று உன் தாத்தா வந்திருந்தார். உனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்தார். ரொம்ப நேரம் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"நீ போற ஊருல நெல்லு வெளையுமா?"

"இல்லப்பா. அங்க ஏது நெல்லு?"

"அப்பச் சரி. பொழைச்சுக்குவே" என்றார். படியிறங்கி, சைக்கிளை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

அப்பா